பீப்பாய்க் கிடங்கு மீண்டும் அரங்கமானது

பழைய நாடக அரங்கம் ஒன்றைப் புதுப்பிக்கும்போது முதலில் மீட்க வேண்டியது நடிகருக்கும் பார்வையாளருக்கும் இடையே அங்கு நிலவிய நெருக்கத்தைத்தான். தூணும் சுவரும் பூச்சும் அதற்குப் பிறகுதான். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற ஊரில் உள்ள தியேட்டர் ராயல் இதற்கு நல்ல சான்று. 1819இல் அதைக் கட்டியவர் வில்லியம் வில்கின்ஸ். பிற்பாடு லண்டன் நேஷனல் கேலரியை வடிவமைத்தவரும் அவரே. அக்காலத்தில் ஒரே நாடகக் குழு நார்விச், கேம்பிரிட்ஜ், இப்ஸ்விச் என்று ஊர் ஊராகச் சுற்றிவரும். பரியில் இலையுதிர்காலச் சந்தை கூடும் சில வாரங்களுக்கு மட்டுமே நாடகம். பின்னாளில் உலகமெங்கும் புகழ்பெற்ற 'சார்லீஸ் ஆன்ட்' நகைச்சுவை நாடகம் 1892இல் முதன்முதலாக மேடையேறியது இங்கேதான். 1906இல் உள்ளமைப்பை மாற்றினார்கள். ஆனாலும் கூட்டம் குறைந்தது. 1925இல் அரங்கம் மூடப்பட்டது. அதை வாங்கியிருந்த கிரீன் கிங் பீர் ஆலை, பீப்பாய்களை அடுக்கும் கிடங்காக அதைப் பயன்படுத்தியது. ஒரு வகையில் அதுவே அரங்கத்தைக் காப்பாற்றியது. பீப்பாய் வைக்கச் சுவரை இடிக்க வேண்டியதில்லை; மாடங்களை அகற்ற வேண்டியதில்லை. 1965இல் ஊர்மக்களின் முயற்சியால் அது மீண்டும் திறக்கப்பட்டது. 1975இல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தது.

2005 முதல் 2007 வரை நடந்த பெரிய சீரமைப்பு, 1819இன் வடிவத்தை இலக்காகக் கொண்டது. திரைக்கு முன்னே பார்வையாளரை நோக்கி நீளும் முன்மேடை திரும்பி வந்தது. அதன் இரு பக்கமும் உள்ள கதவுகள் வழியாக நடிகர்கள் நேரே கூட்டத்தின் நடுவே வந்து நிற்கலாம். சுற்றிலும் மாடங்கள், தலைக்கு மேலே வானம் தீட்டிய கூரை. விளக்குகள் மேடைக்கும் அவைக்கும் சேர்ந்தே எரிந்த காலத்து அமைப்பு இது. நடிகர் முணுமுணுப்பதும் கடைசி வரிசைக்கு எட்டும். எதிர்மாடத்துக்காரர் சிரிப்பதும் எல்லோர் கண்ணிலும் படும்.

1906இன் மாற்றமும் வரலாறுதானே, அதை ஏன் அழிக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எந்தக் காலத்தை மீட்டாலும் இன்னொரு காலம் மறையத்தான் செய்யும். ஆனால் 1906இன் பாணியில் அமைந்த அரங்குகள் இங்கிலாந்தில் இன்னும் பல உண்டு. 1819ஐ ஒட்டிய காலத்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அரியதைத் தேர்ந்ததில் தவறில்லை. சிறிய அரங்கம், நெருக்கமான இருக்கைகள், சில இடங்களிலிருந்து மேடை முழுதாகத் தெரியாது. இதற்கு இவ்வளவு செலவா என்பது இரண்டாவது கேள்வி. வசதி மட்டுமே அளவுகோல் என்றால் புதிய மண்டபமே போதும். ஆனால் புதிய மண்டபம் தர முடியாத ஒன்றை இந்த அரங்கம் தந்தது. 2007இல் அது மறுபடி திறந்தபோது மேடையேறியது டக்ளஸ் ஜெரால்டின் 'பிளாக்-ஐடு சூசன்' என்ற 1829ஆம் ஆண்டு நாடகம். தொடர்ந்து, மறந்துபோன அக்கால நாடகங்கள் பல அங்கே உயிர்பெற்றன. அவையோரைப் பார்த்து நேரடியாகப் பேசும் வசனங்கள் படிக்கும்போது செயற்கையாகத் தோன்றலாம். முன்மேடையில் நின்று பேசும்போதுதான் அவை எதற்காக எழுதப்பட்டன என்பது புரிகிறது.

எனவே பழைய அரங்கைப் புதுப்பிக்க முனையும் எந்த ஊரும், என்ன வண்ணம் பூசலாம் என்று யோசிக்கும் முன்பே, அங்கே யார் நடிப்பார்கள், எந்த நாடகங்களைப் போடுவார்கள் என்பதைத் தீர்மானித்தாக வேண்டும். நாடகம் நடக்காத அரங்கம், எவ்வளவு அழகாகச் சீரமைத்தாலும், மறுபடியும் கிடங்காகிவிடும்.