ஷிசுவோகாவின் குட்டிக் கார்கள்: அன்றும் இன்றும்

ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனம் 1976-ல் தன் முதல் ரிமோட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. போர்ஷே 934-ஐப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிய கார் அது. பெட்டிக்குள் உதிரிகள்தான் இருக்கும். சேஸிஸைப் பூட்டி, பல்சக்கரத்துக்கு கிரீஸ் தடவி, பாடிக்குப் பெயின்ட் அடித்து, வாங்கியவரே கட்டி முடிக்க வேண்டும். 1979-ல் சேண்ட் ஸ்கார்ச்சர், 1984-ல் கிராஸ்ஹாப்பரும் ஹார்னெட்டும் வந்தன.

அன்று இவை ஓட்டித் தேய்க்கிற வண்டிகள். மணலிலும் சேற்றிலும் இறக்குவார்கள். சர்வோ மோட்டார் நகர்த்தும் ஓர் உலோக முனைதான் வேகத்தைக் கட்டுப்படுத்தும்; மெதுவாக ஓட்டினால் மிச்ச மின்சாரம் ரெசிஸ்டரில் சூடாகி வீணாகும். 7.2 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். உடைந்ததை ஒட்டி மறுபடி ஓட்டினார்கள். பையன்கள் வளர்ந்ததும் வண்டிகள் பரணேறின.

இன்று அவற்றை இறக்கித் துடைக்கிறவர்களுக்கு முதலில் வேண்டியது சரியான திருப்புளி. ஜப்பானியத் திருகின் கூட்டல்குறிப் பள்ளத்தில் சாதாரண பிலிப்ஸ் முனை சரியாக உட்காராது. வழுக்கி, திருகின் தலையையே மழுக்கிவிடும். ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தரநிலைப்படி செய்த முனையை வாங்கிய பிறகு வேலையைத் தொடங்குவது நல்லது. கழற்றிய பிளாஸ்டிக்கை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் அழுக்கு பெரும்பாலும் போய்விடும். காய்ந்து முறியத் தயாராக இருக்கும் நைலான் பாகத்தைக் கொதிநீரில் போட்டால், அது நீரை உறிஞ்சிக்கொண்டு ஓரளவு வளையும். ரிமோட்டுக்குள் ஆல்கலைன் பேட்டரி கசிந்து படிந்த வெள்ளைப் பூச்சு காரத்தன்மை உள்ளது. வினிகரில் தோய்த்த பஞ்சால் துடைத்தால் கரைந்துவிடும். ஹார்னெட் போன்றவற்றின் பாலிகார்பனேட் பாடிப் பக்கம் மட்டும் தின்னரைக் கொண்டு போகக் கூடாது. மங்கும், விரிசல் விடும்.

முன்பு ஒரு வண்டியைச் சரிசெய்ய இன்னொரு பழைய வண்டியைப் பலியிட வேண்டியிருந்தது. ஹார்னெட் 2004-லும், கிராஸ்ஹாப்பர் 2005-லும், சேண்ட் ஸ்கார்ச்சர் 2010-லும் மறுபடி வந்தபின் உதிரிக்குப் பஞ்சம் குறைந்தது. அதனாலேயே எல்லாவற்றையும் மாற்றிவிடும் ஆசையும் வந்துவிட்டது. அதை நான் ஏற்கவில்லை. எண்பதுகளில் ஒரு சிறுவன் கோணலாக ஒட்டிய ஸ்டிக்கரும், சரளைக்கல்லில் சிராய்த்த பம்பரும் அந்த வண்டியோடு இருக்கத்தான் வேண்டும். பிளாஸ்டிக் புஷ்ஷை எடுத்துவிட்டு பால் பேரிங் போடுவதில் தவறில்லை. பல்சக்கரம் லேசாகச் சுழலும். பழைய வேகக் கட்டுப்பாட்டை அப்படியே வைத்திருந்தால் லித்தியம் பேட்டரி வேண்டாம். மின்னழுத்தம் இறங்கும்போது நிறுத்த அந்தக் கட்டுப்பாட்டில் வழியில்லை, பேட்டரி கெட்டுவிடும். நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு போதும். வெடித்த பழைய டயர்களைக் கழற்றிப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, புது டயர் மாட்டி வண்டியை மண்ணில் ஓட்டிப் பாருங்கள்.