அம்பாசிடரும் பத்மினியும்

பம்பாயில் மாட்டுங்காவிலோ, கல்கத்தாவில் ராஷ்பிகாரி சாலையை ஒட்டியோ நெடுநாள் குடியிருந்த நேயர்களுக்கு இவ்விரு வண்டிகளையும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தாதர் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளுடன் இறங்கியவர்களைக் கறுப்பும் மஞ்சளுமான பத்மினி வீடு சேர்த்தது. ஹௌராவில் இறங்கியவர்களுக்கு அம்பாசிடர் காத்திருந்தது. ஒரே தொழிலுக்கு இரு நகரங்கள் இருவேறு வண்டிகளை நாடியது ஏன்?

பிறப்பிடத்தின் அண்மை ஒரு காரணம். ஆங்கிலேயரின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியைத் தழுவிய அம்பாசிடர், கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1957-இல் தோன்றியது. பத்மினியோ இத்தாலிய ஃபியட் 1100-இன் வழி வந்தது. பம்பாய்க் குர்லாவில் 1964 முதல் செய்யப்பட்டது. சித்தூர் அரசியின் பெயரை அதற்குச் சூட்டியது எழுபதுகளில்தான். பெயர் மாறிய பின்னரும் பம்பாய்வாசிகள் அதனை ஃபியட் என்றே அழைத்து வந்தனர்.

இனி யந்திரத்தைக் காண்போம். அம்பாசிடரை நெடுங்காலம் இழுத்த பெட்ரோல் யந்திரத்தின் கொள்ளளவு 1,489 கன சென்டிமீட்டர். ஆற்றல் ஏறத்தாழ 50 குதிரைச் சக்தி. பத்மினியின் யந்திரம் 1,089 கன சென்டிமீட்டர், சுமார் 40 குதிரைச் சக்தி. இவ்வளவில் அம்பாசிடரே வல்லது என்று கூறிவிடத் தோன்றும். ஆனால் எடையையும் நோக்குதல் வேண்டும். அம்பாசிடர் ஏறத்தாழ 1,100 கிலோ. பத்மினி 900-க்குச் சற்றுக் குறைவு. வகுத்துப் பார்த்தால், இரண்டிலும் ஒவ்வொரு குதிரைக்கும் கிடைக்கும் சுமை சுமார் 22 கிலோவே!

எனினும் வெறும் வண்டியில் ஊர்வலம் போவார் யாருமில்லை. ஐவரும் அவர்தம் பெட்டி படுக்கைகளும் சேர்ந்து 400 கிலோ என்று கொள்வோம். இப்போது அம்பாசிடரின் குதிரைக்கு 30 கிலோ. பத்மினியின் குதிரைக்கு 32-க்கு மேல். கண்டாலா மலையேற்றத்தில் நிறைசுமையுடன் செல்லும் பத்மினி சற்று முன்னதாகவே கியரைக் குறைக்க நேர்வது இதனாலேயே. திருமணக் கூட்டத்துடன் வெளியூர் போக அம்பாசிடரே தக்கது என்பது என் துணிபு.

நகரத்துக் கணக்கு வேறு. பெரும்பாலும் ஓரிருவரையே ஏற்றி, நூறு முறை நின்று நின்று புறப்படும் டாக்சிக்கு எடை குறைவே இலாபம். ஒவ்வொரு முறையும் கூடுதலாக 200 கிலோவை அசைத்துக் கிளப்புவதற்கான பெட்ரோல், ஓட்டுநரின் அன்றைய வருவாயிலிருந்தே போகிறது. நீளத்திலும் பத்மினி ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் குறைவு. குறுகலான சந்துகளில் திரும்பும்போது இதன் அருமை விளங்கும்.

மேடுபள்ளங்களைத் தாங்குவதில் அம்பாசிடர் புகழ்பெற்றது. அதன் முன்சக்கரங்களை, முறுக்கினால் மீண்டு நிமிரும் நீண்ட இரும்புத் தண்டுகள் தாங்கின. பத்மினியில் அவ்விடத்துச் சுருள்விற்கள். பின்புறம் இரண்டிலும் மாட்டுவண்டிக்காரரும் அறிந்த பட்டைவிற்களே. பிரேக்குகளைப் பற்றி இரண்டையும் புகழ்வதற்கில்லை. பழைய உருளை பிரேக்குகள், நீண்ட இறக்கத்தில் விடாது மிதித்தால் சூடேறிப் பிடிப்புத் தளரும். அனுபவமுள்ள ஓட்டுநர் கியரைக் குறைத்தே இறங்குவார்.

பிற்காலத்தில் அம்பாசிடர் டீசலுக்கும், பம்பாய்ப் பத்மினிகள் அழுத்தப்பட்ட இயற்கை வாயுவுக்கும் மாறின. உத்தர்பாராத் தொழிற்சாலை 2014 மே மாதம் உற்பத்தியை நிறுத்தியது. 2003-இல் பதிவான கடைசிப் பத்மினி டாக்சி, இருபதாண்டு வரம்பு முடிந்து, 2023 அக்டோபரில் பம்பாய்ச் சாலையை விட்டு அகன்றது.