தீபிகா ஏன் விளையாட வரவில்லை?

சனிக்கிழமை காலையில் பிளாக்டவுன் திடல்களைப் பாருங்க. நெட்பால், கால்பந்து, கிரிக்கெட் என்று எத்தனை பிள்ளைகள்! ஆனால் ஸ்குவாஷ் விளையாடுபவர்களை அங்கே பார்க்க முடியாது. ஏன் தெரியுமா? அது நான்கு சுவர்களுக்குள் விளையாடும் விளையாட்டு.

ஸ்குவாஷ் எப்படி விளையாடுவது?

டென்னிஸில் இரண்டு பேருக்கும் நடுவில் வலை இருக்கும். ஸ்குவாஷில் வலை கிடையாது. இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று, முன்சுவரைப் பார்த்துப் பந்தை அடிப்பார்கள். சுவரின் அடியில் ஒரு தகரப் பட்டை இருக்கும். பந்து அதில் பட்டால் புள்ளி போச்சு! சுவரில் பட்டுத் திரும்பும் பந்து, தரையில் இரண்டாவது முறை குதிப்பதற்குள் அடுத்தவர் அதை அடிக்க வேண்டும். முதலில் 11 புள்ளி எடுப்பவர் அந்தச் சுற்றில் வெல்வார். 10–10 என்று வந்தால், யாராவது இரண்டு புள்ளி முந்தும்வரை ஆட்டம் தொடரும்.

பந்து சின்னதாக, ரப்பரில் இருக்கும். குளிர்ந்த பந்து சரியாகக் குதிக்காது. அதனால் ஆட்டத்துக்கு முன்னால் அதை அடித்து அடித்துச் சூடாக்குவார்கள்.

சென்னைப் பெண்

தீபிகா பல்லிக்கல் 1991இல் சென்னையில் பிறந்தார். அவருடைய அம்மா சூசன் இட்டிச்செரியா, இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணியில் விளையாடியவர். மகளோ ஸ்குவாஷ் மட்டையைப் பிடித்தார். ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற ஆஸ்திரேலிய வீராங்கனை சாரா ஃபிட்ஸ்-ஜெரால்டிடமும் அவர் பயிற்சி எடுத்தார்.

2012இல் தீபிகா உலகத் தரவரிசையில் 10ஆம் இடத்தைப் பிடித்தார். அதற்கு முன் எந்த இந்தியப் பெண்ணும் முதல் பத்துக்குள் வந்ததில்லை.

ஆனால் அதே 2012 முதல் 2015 வரை, இந்தியாவின் தேசியப் போட்டியில் அவர் விளையாடவே இல்லை. உடம்பு சரியில்லையா? இல்லை. பயமா? அதுவும் இல்லை.

அந்தப் போட்டியில் ஆண்களுக்கு அதிகப் பரிசுத்தொகை, பெண்களுக்குக் குறைவு. ஒரு வீட்டில் அண்ணனும் தங்கச்சியும் ஒரே வேலையைச் செய்கிறார்கள். அண்ணனுக்குப் பத்து டாலர், தங்கச்சிக்கு ஐந்து டாலர் என்றால் தங்கச்சி சும்மா இருப்பாளா? "இது நியாயம் இல்லை" என்று கேட்பாள் அல்லவா? தீபிகாவும் அதைத்தான் கேட்டார். சமமாகக் கொடுத்தால்தான் வருவேன் என்று உறுதியாக இருந்தார்.

இது சுலபமான முடிவு இல்லை. விளையாடாவிட்டால் பட்டம் கிடைக்காது. நான்கு ஆண்டுகள் அந்த வாய்ப்பை அவர் விட்டுக்கொடுத்தார். 2016இல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பரிசுத்தொகை சமமானது. தீபிகா திரும்பி வந்தார். பட்டத்தையும் வென்றார்!

போட்டியாளரும் தோழியும்

சென்னையில் இன்னொரு பெரிய வீராங்கனையும் இருக்கிறார். அவர் ஜோஷ்னா சின்னப்பா. தனியாக ஆடும்போது இருவரும் எதிரெதிரே நிற்பார்கள். இரட்டையர் ஆட்டத்தில் ஒரே பக்கம் சேர்ந்துகொள்வார்கள். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இருவரும் சேர்ந்து தங்கம் வென்றார்கள். அந்தப் போட்டிகளில் ஸ்குவாஷில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அதுதான். 2018இல் நம்ம ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் வெள்ளி வென்றார்கள்.

2021இல் தீபிகாவுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தார்கள். இனி விளையாட மாட்டார் என்று நினைத்தீர்களா? 2022 ஏப்ரலில் உலக இரட்டையர் போட்டிக்குப் போனார். ஜோஷ்னாவோடு ஒரு தங்கம், சௌரவ் கோஷலோடு இன்னொரு தங்கம். இரண்டும் ஒரே நாளில்!

புதிய சொற்கள்
தரவரிசை – திறமைப்படி யார் எந்த இடம் என்று காட்டும் பட்டியல்
பரிசுத்தொகை – வென்றவருக்குக் கொடுக்கும் பணம்
இரட்டையர் ஆட்டம் – ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர் ஆடும் ஆட்டம்

பேசிப் பார்ப்போம்
1. ஸ்குவாஷுக்கும் டென்னிஸுக்கும் என்ன வித்தியாசம்?
2. தீபிகா நான்கு ஆண்டுகள் தேசியப் போட்டிக்கு வராதது சரியா? உங்க வீட்டில் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி என்ன சொல்கிறார்கள்? கேட்டு வந்து வகுப்பில் சொல்லுங்க.