சிகிச்சைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

ஒரு வீட்டில் புற்றுநோய் என்ற சொல் நுழைந்துவிட்டால், "உயிர் பிழைத்தால் போதும், யா அல்லாஹ்!" என்பதே எல்லோருடைய துஆவாகவும் இருக்கும். ஆனால் நோயாளி இருபது வயது இளைஞராகவோ புதுமணப் பெண்ணாகவோ இருப்பின், மருத்துவரிடம் கேட்டாக வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: "பின்னாளில் குழந்தைப்பேறு பாதிக்கப்படுமா?" பெரியவர்கள் நாணத்தால் இதைக் கேட்பதில்லை.

கீமோதெரபி மருந்துகள் பலவும், இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சும் விந்தணுக்களையும் கருமுட்டைகளையும் அழித்துவிடக்கூடும். எனவே சிகிச்சைக்கு முன்னரே அவற்றை எடுத்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பாதுகாக்கின்றனர். ஆண்களுக்கு இது ஓரிரு நாளில் முடிந்துவிடும், செலவும் குறைவே. பெண்களுக்கோ ஏறத்தாழ இரண்டு வாரம் ஊசி போட வேண்டும். செலவு லட்ச ரூபாயைத் தாண்டிவிடுகிறது. அதுவும், சிகிச்சைக்கே பணம் புரட்ட அலைகின்ற அதே நாட்களில்!

துபாயைச் சேர்ந்த முஆஸா அல் மத்ரூஷி என்ற சகோதரிக்குப் புற்றுநோய் இல்லை. தலசீமியா என்னும் இரத்த நோய். அதற்கும் கீமோதெரபி தேவைப்பட்டதால், அவருடைய ஒன்பதாம் வயதில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் சினைப்பைத் திசுவை எடுத்து உறையவைத்தனர். அல்ஹம்துலில்லாஹ்! 2016 டிசம்பரில், தமது 24ஆம் வயதில், லண்டனில் அவர் ஓர் ஆண்மகவை ஈன்றெடுத்தார்.

ஜெர்மனியில் 2019இல் இயற்றப்பட்ட சட்டம் இச்செலவை மருத்துவக் காப்பீட்டின் பொறுப்பாக்கியது. அமெரிக்காவில், நாக்குப் புற்றுநோயிலிருந்து மீண்ட லிண்ட்சே பெக் என்ற பெண்மணி 2001இல் 'ஃபெர்டைல் ஹோப்' என்ற அமைப்பைத் தொடங்கினார். தமக்கு நேர்ந்த அலைச்சல் பிறருக்கும் நேரக்கூடாது என்று எண்ணினார் போலும்.

நம் ஜமாஅத்துகள் என்ன செய்யலாம்? மார்க்கம் அனுமதிக்கிறதா என்ற ஐயம் முதலில் எழும். கணவன் மனைவி இருவருடைய அணுக்களை மட்டும் கொண்டு, திருமண பந்தம் நிலைத்திருக்கும்போது செய்யப்படும் செயற்கைக் கருத்தரிப்பை, 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தேவையின் பொருட்டு அனுமதித்தது. அணுக்கள் பிறருடையவற்றுடன் கலந்துவிடாமல் காப்பது கட்டாயம். மணமாகாதோர் தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும்.

அடுத்தது பணம். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரில் ஏழைகளும் கடன்பட்டோரும் அடங்குவர். நோயாளி அத்தகையவராயின் தொகையை அவர் கையிலேயே கொடுத்துவிடலாம். மற்றவர்களுக்கு ஸதகா நிதி இருக்கிறது. கல்யாண விருந்துக்கு வாரி வழங்கும் கைகள் நம்மிடையே குறைவா என்ன? பைத்துல்மால் பொறுப்பாளர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன்: இத்தகைய விண்ணப்பத்தை அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒத்திவைக்காதீர்கள். அதற்குள் முதல் கீமோ ஏறியிருக்கும்.