எஞ்சினின் நாடி பார்க்கும் மூன்று மானிகள்

காய்ச்சல் கண்டவரைப் பார்க்க வரும் மருத்துவர் முதலில் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார்; பிறகு வெப்பமானியை வைக்கிறார். நோயாளி வாய் திறந்து சொல்லாததையும் இவ்விரண்டும் சொல்லிவிடுகின்றன. டிராக்டர் எஞ்சினுக்கும் நாடி உண்டு, காய்ச்சலும் உண்டு. அவற்றை அறிந்து சொல்லும் கருவிகளே மானிகள்.

அரியலூர் மாவட்டத்தின் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் வட்டாரங்களில் முந்திரித் தோப்புகள் மிகுதி. மர வரிசைகளுக்கு நடுவே புகுந்து உழப் பெரிய டிராக்டரால் இயலாது. 15 அல்லது 18 குதிரைத்திறன் கொண்ட சிறு டிராக்டர்தான் அதற்கு ஏற்றது. ஆனால் சிறு எஞ்சின்கள் சிலவற்றில் ஆயிலின் நிலையைக் காட்ட ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே இருக்கும். அதன் பக்கத்தில் தனியாக மானிகள் வாங்கிப் பொருத்தலாமா? பொருத்தினால் என்ன பயன்?

விளக்கு சொல்லாதது

எஞ்சினில் ஆயில் அழுத்தம் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். எந்த அளவுக்குக் குறைந்தால் எரியும் என்பதே கேள்வி. பெரும்பாலான எஞ்சின்களில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ அரைக் கிலோகிராமுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் விளக்கு எரிகிறது. உங்கள் எஞ்சின் வழக்கமாக 3 கிலோகிராம் அழுத்தத்தில் ஓடுவது என்று வைத்துக்கொள்வோம். அது 2 ஆகி, 1 ஆகி, அரையை நெருங்கும்வரை விளக்கு வாய் திறப்பதில்லை. அது பேசத் தொடங்கும்போது பேரிங் உலோகம் உரசத் தொடங்கியிருக்கலாம். கடன் பெற்று வாங்கிய டிராக்டர் ஆடிப் பட்டத்தில் எஞ்சின் பிடித்து நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை உழவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த அழுத்தம் எப்படி உண்டாகிறது? பம்பு ஆயிலைத் தள்ளுகிறது. கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள மயிரிழை போன்ற இடைவெளி வழியாக அது கசிந்து வெளியேற வேண்டும். அந்தத் தடையே அழுத்தத்தைத் தோற்றுவிக்கிறது. பேரிங் தேய்ந்தால் இடைவெளி கூடுகிறது. அழுத்தம் மாறாமல் இருக்குமானால், இடைவெளி இரு மடங்காகும்போது கசிவு இரு மடங்கு ஆவதில்லை; எட்டு மடங்கு ஆகிறது! இவ்வளவு கசிவுக்கு ஈடுகொடுக்கப் பம்பினால் முடியாதபோது அழுத்தம் இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தை அழுத்தமானி முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது இதனால்தான்.

வளைந்த குழாயின் கதை

அழுத்தமானியின் உள்ளே இருப்பது என்ன? திருவிழாக் கடைகளில் விற்கும் காகித ஊதலை நீங்கள் ஊதியிருப்பீர்கள். சுருண்டு கிடக்கும் காகிதக் குழல் ஊதியதும் விரிந்து நீள்கிறது. அழுத்தமானியிலும் தட்டையாக்கி வளைத்த ஓர் உலோகக் குழாய் உண்டு. அதன் ஒரு முனை மூடப்பட்டிருக்கும். உள்ளே அழுத்தம் ஏற ஏறக் குழாய் சற்றே நிமிர முயல்கிறது. அந்தச் சிறு அசைவைப் பற்சக்கரங்கள் பெரிதாக்கி முள்ளைச் சுழற்றுகின்றன. பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் பூர்தோன் 1849ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். நீராவி எஞ்சின்களின் காலத்தில் பிறந்த இந்தக் குழாய்தான் இன்றும் கம்பிரசர்களின் மானிகளில் வேலை செய்கிறது.

வெப்பமானியில் ஒரு வகையும் இதே குழாயால் இயங்குவதே. எஞ்சினின் தண்ணீரில் அமிழ்ந்திருக்கும் சிறு குமிழில் ஈதர் போன்ற, எளிதில் ஆவியாகும் திரவம் அடைக்கப்பட்டிருக்கும். தண்ணீர் சூடேறினால் ஆவியின் அழுத்தம் கூடும். மெல்லிய நுண்குழல் அதை மானிக்குக் கொண்டுசெல்லும். இந்த நுண்குழலை நீளம் அதிகம் என்று வெட்டிவிடக் கூடாது. வெட்டினால் திரவம் வெளியேறி மானி செத்துவிடும். மிஞ்சிய நீளத்தைச் சுருட்டிக் கட்டிவிட வேண்டும்.

கோடை உழவில் வெப்பமானி மிகவும் தேவை. எஞ்சின் தண்ணீர் 90 டிகிரியிலும் வெளிக்காற்று 30 டிகிரியிலும் இருந்தால் வேறுபாடு 60 டிகிரி. சித்திரை வெயிலில் காற்று 40 டிகிரி ஆனால் வேறுபாடு 50 டிகிரியே. அதாவது, அதே ரேடியேட்டர் ஆறில் ஒரு பங்கு வெப்பத்தைக் குறைவாக வெளியேற்றுகிறது. இதற்கு மேல் சுண்ணாம்புக்கல் புழுதியும் சருகும் ரேடியேட்டரின் இடுக்குகளை அடைத்துக்கொண்டால் முள் மெல்ல மெல்ல ஏறுவதைக் காண்பீர்கள். உடனே டிராக்டரை நிறுத்தி, எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டரைச் சுத்தம் செய்தால் போதும்.

ஓர் எச்சரிக்கை. குமிழ் தண்ணீரில் அமிழ்ந்திருந்தால்தான் மானி உண்மை பேசும். குழாய் வெடித்துத் தண்ணீர் முழுவதும் வடிந்துவிட்டால் குமிழ் வெறும் காற்றில் தொங்கும். எஞ்சின் கொதிக்கையில் முள் கீழே இறங்கவும் கூடும். காரணமின்றி இறங்கும் முள், ஏறும் முள்ளைவிட ஆபத்தானது.

மூன்றாவது மானி

மூன்றாவது வோல்ட்மீட்டர். ஓய்விலிருக்கும் நல்ல 12 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடி, மின்னாக்கி பேட்டரிக்கு ஊட்டம் தரும்போது அது 14 வோல்ட்டை ஒட்டி இருக்கும். பல எஞ்சின்களில் விசிறி, தண்ணீர்ப் பம்பு, மின்னாக்கி மூன்றையும் ஒரே பெல்ட் சுழற்றுகிறது. எனவே வோல்ட் இறங்கி, சற்று நேரத்தில் வெப்பமும் ஏறினால் பெல்ட் அறுந்ததோ என்று பாருங்கள். இரண்டு மானிகளைச் சேர்த்துப் படிக்கும்போது நோயின் பெயரே தெரிந்துவிடுகிறது.

அம்மீட்டர் பொருத்தலாமே என்பீர்கள். அதன் வழியாக மின்னோட்டம் முழுவதும் பாய வேண்டும். தடித்த கம்பி தேவை. வோல்ட்மீட்டருக்கு மெல்லிய கம்பியும் ஒரு ஃபியூசும் போதும்.

பொருத்தும்போது

அழுத்தமானியைப் பொருத்த, சிவப்பு விளக்கின் சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு 'டீ' இணைப்பை வைப்பார்கள். ஒரு கிளையில் சுவிட்சு, மறு கிளையில் மானி. விளக்கை நீக்கிவிட வேண்டாம்; உழும்போது உங்கள் கண் எப்போதும் மானியில் இருக்காது.

துளையின் மரையை முதலில் அளந்து அறிய வேண்டும். 10 மில்லிமீட்டர் மெட்ரிக் மரையும், அரைக்கால் அங்குலக் குழாய் மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் முன்னதன் மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். பின்னதன் இடைவெளி 0.907 மில்லிமீட்டர். பொருந்தாததை வலிந்து முறுக்கினால் எஞ்சின் பிளாக்கே பழுதாகும்.

ஒற்றை சிலிண்டர் எஞ்சின் அதிர்வு மிகுந்தது. கனமான இணைப்பைத் துளையின் மேலேயே நிறுத்தினால் நாளடைவில் அதன் கழுத்து விரிசல் விடும். வளையும் ஹோஸ் ஒன்றைத் துளையிலிருந்து எடுத்து, 'டீ' இணைப்பை டிராக்டரின் உடலில் இறுக்குவதே நல்லது. செம்புக் குழாயானால் இரண்டு மூன்று சுற்று வளையமிட்டு விடுங்கள். இல்லையேல் அதிர்வினால் அது இறுகி முறியும். சூடான ஆயில் பீறிட்டு வெளியேறும்.

மின்சார மானியின் உணர்கருவி பெரும்பாலும் ஒரே கம்பி கொண்டது. மின்னோட்டம் திரும்பும் வழி அதன் உலோக உடலே. மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் அந்த வழி தடைப்பட்டு மானி பொய் சொல்லும்.

உங்கள் எஞ்சினின் அளவு எது?

மானி பொருத்தியதோடு வேலை முடியவில்லை. குளிர்ந்த எஞ்சினில் ஆயில் கெட்டியாக இருப்பதால் அழுத்தம் உயர்ந்து நிற்கும், சூடானதும் இறங்கும். இது நோயன்று, இயல்பு. எனவே அரை மணி நேரம் உழுத பிறகு, அதே வேகத்தில் மூன்று மானிகளும் காட்டுவதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை எழுதினால் போதும். உற்பத்தியாளரின் கையேடு தரும் எல்லைகளையும் முதல் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்களில் உங்கள் எஞ்சினின் இயல்பு உங்களுக்கே விளங்கிவிடும். சென்ற பட்டத்தில் 3 காட்டியது இந்தப் பட்டத்தில் அதே சூட்டில், அதே வேகத்தில் இரண்டேகால்தான் காட்டுகிறது என்றால், ஆயிலையும் ஃபில்டரையும் பேரிங்கையும் சோதிக்கும் காலம் வந்துவிட்டது என்று பொருள். அப்போதும் சிவப்பு விளக்கு எரியாமல்தான் இருக்கும். பழுதை விதைப்புக்கு முன்பே, நிதானமாகப் பார்த்துக்கொள்ள அந்த நோட்டுப் புத்தகம் உங்களுக்கு நேரம் தருகிறது.