பிழை திருத்தும் பொதுஜனங்கள்!

ஆஸ்திரேலியாவின் தலைநகரமான கான்பெராவில் அந்நாட்டின் தேசிய நூல் நிலையம் இருக்கிறது. நூல் நிலையத்துக்குப் போனால் படிக்கலாம்; இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் இந்த நூல் நிலையம் ஜனங்களிடம் வேலையும் வாங்குகிறது! சம்பளம் கிடையாது. ஆனாலும் ஆயிரக்கணக்கானவர்கள் ஆசையோடு செய்கிறார்கள்.

அது என்ன வேலை? பழைய பத்திரிகைகளில் பிழை திருத்தும் வேலைதான்!

நொறுங்கும் காகிதம்

ஆஸ்திரேலியாவின் முதல் பத்திரிகையான ‘சிட்னி கெஜட்’ 1803-ம் ஆண்டில் வெளிவந்தது. பிறகு ஊருக்கு ஊர் பத்திரிகைகள் தோன்றின. கப்பல் வந்த செய்தி, கல்யாணம், மரணம், வெள்ளம், சந்தை விலை எல்லாம் அவற்றில் உண்டு.

பத்திரிகைக் காகிதமோ நாளடைவில் பழுப்பேறி, தொட்டால் நொறுங்கிவிடும். ஆகவே பக்கங்களைப் படம் பிடித்து, மைக்ரோபிலிம் சுருள்களாகப் பத்திரப்படுத்தினார்கள். அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, 2008-ல் இணையத்தில் வைத்தார்கள். இன்று அவை ‘ட்ரோவ்’ என்ற இணையதளத்தில் இருக்கின்றன. ட்ரோவ் என்றால் புதையல் என்று பொருள்.

யந்திரம் செய்த குழப்பம்

வெறும் படத்தில் ஒருவருடைய பெயரைத் தேட முடியாது. படத்திலுள்ள எழுத்துக்களை யாராவது படித்துக் கொடுக்க வேண்டும். லட்சக்கணக்கான பக்கங்களை மனிதர்கள் படிப்பது எப்படி? கம்ப்யூட்டரையே படிக்க வைத்தார்கள்.

அங்கேதான் வந்தது தொல்லை! மை மங்கிய இடங்களில் கம்ப்யூட்டர் தடுமாறியது. நம் எழுத்தில் ‘ர’ எது, துணைக்கால் எது என்று சிறு பிள்ளைகள் மயங்குவது உண்டு அல்லவா? அதேபோல் ஆங்கிலத்தில் ‘இ’ என்ற எழுத்தை ‘சி’ என்று படித்தது. ஓர் எழுத்து தவறினால் போதும். தேடுகிறவருக்கு அந்தப் பெயர் அகப்படாது. பக்கம் பத்திரமாக இருக்கும். ஆனால் அதில் உள்ள மனிதர் காணாமல் போயிருப்பார்!

துணிச்சலான முடிவு

நூல் நிலையத்தார் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். “பிழையைக் கண்டால் நீங்களே திருத்துங்கள்” என்று ஜனங்களிடம் விட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் பத்திரிகையின் படம். மறு பக்கம் கம்ப்யூட்டர் படித்த வரிகள். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதுதான். பரீட்சை இல்லை, சிபாரிசு இல்லை.

விஷமிகள் புகுந்து கெடுத்துவிட்டால்? அந்தப் பயம் இருக்கத்தான் செய்தது. ஆகவே திருத்துவதற்கு முன் இருந்த வரிகளையும் அழிக்காமல் வைத்தார்கள். ஆனால் பயந்தபடி நடக்கவில்லை. முதல் சில மாதங்களில் வேண்டுமென்றே யாரும் கெடுத்ததாகத் தெரியவில்லை என்று, அந்தப் பணியை நடத்திய ரோஸ் ஹோலி என்ற அம்மையார் 2009-ல் எழுதினார்.

தாத்தாவின் பெயரைத் தேடி வருகிறவர்கள் பலர். பெயர் கிடைத்ததும் பிழையைத் திருத்துகிறார்கள். பிறகு முன்பின் தெரியாதவர்களுடைய தாத்தாக்களின் பெயர்களையும் திருத்துகிறார்கள்! சிறு துளி பெருவெள்ளம் ஆயிற்று. 2013-ம் ஆண்டு முடிவதற்குள் திருத்திய வரிகள் 10 கோடியைத் தாண்டின.

வந்தது ஆபத்து

இவ்வளவு உழைப்பும் ஒரு சமயம் ஆட்டம் கண்டது. 2023-ம் ஆண்டு ஜூன் மாதத்துக்குப் பிறகு ட்ரோவை நடத்தப் பணம் இல்லை என்ற நிலை ஏற்பட்டது. ஆராய்ச்சியாளர்களும் பொதுஜனங்களும் குரல் எழுப்பினார்கள். 2023 ஏப்ரலில், நான்கு ஆண்டுகளுக்கு 3 கோடியே 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. புதையல் தப்பியது!

பொதுஜனங்கள் இலவசமாக உழைக்கலாம். ஆனால் அந்த உழைப்பைக் காப்பாற்றப் பணமும் பொறுப்பும் வேண்டும் என்பதை இச்சம்பவம் காட்டியது.

தமிழிலும் இத்தகைய பணி நடக்கிறது. ‘விக்கிமூலம்’ என்ற இணையதளத்தில், பழைய தமிழ்ப் புத்தகங்களின் படங்களை வைத்துக்கொண்டு தொண்டர்கள் பிழை திருத்துகிறார்கள். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்து, பொறுமையும் இருந்தால் போதும். நேற்றுப் படிக்கக் கற்றவரும் நாளைய வாசகருக்கு உதவலாம்!