மேற்கு என்றால் மேடு

கோபாலபுரம் எல்லையில் உள்ள ஊர். பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் வழியில் இருக்கிறது. இங்கே தமிழும் கேட்கும். மலையாளமும் கேட்கும்.

தமிழ் பேசுபவர் “மேற்கு” என்பார். மலையாளம் பேசுபவர் “படிஞ்ஞாறு” என்பார். இருவரும் கை காட்டுவது ஒரே திசையைத்தான். அது சூரியன் மறையும் திசை. ஒரு திசைக்கு ஏன் இரண்டு பெயர்கள்?

பெயர் வந்த விதம்

மேல் என்ற சொல்லிலிருந்து வந்தது மேற்கு. கீழ் என்ற சொல்லிலிருந்து வந்தது கிழக்கு. தமிழ்நாட்டின் மேற்கே உயர்ந்த மலைத்தொடர் இருக்கிறது. கிழக்கே தாழ்ந்த கடற்கரை இருக்கிறது. காவிரி, வைகை, தாமிரபரணி ஆகிய ஆறுகள் கிழக்கு நோக்கி ஓடுகின்றன. மேடான பக்கம் மேற்கு. பள்ளமான பக்கம் கிழக்கு. மதுரையில் மேலமாசி வீதி மேற்கே இருக்கிறது. கீழமாசி வீதி கிழக்கே இருக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம்

கேரளத்தில் நிலம் வேறு மாதிரி. அங்கே மலை கிழக்கே இருக்கிறது. கடல் மேற்கே இருக்கிறது. இடுக்கி மாவட்டத்தில் உள்ள ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். அந்த மாவட்டத்தின் பெரியாறு மேற்கே ஓடி அரபிக் கடலில் சேர்கிறது. அங்கே மேற்குத் திசை மேடு அல்ல, பள்ளம்.

படுதல் என்றால் மறைதல். ஞாயிறு என்றால் சூரியன். இந்த இரண்டும் சேர்ந்ததே படிஞ்ஞாறு. ஆனால் கிழக்கு என்ற சொல் மலையாளத்திலும் அப்படியே இருக்கிறது. மலை உயர்ந்து நிற்கும் பக்கத்தை அங்கே கிழக்கு என்கிறார்கள்! திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்டவர் கால்டுவெல். அவர் இதைக் கவனித்தார். இந்தச் சொல் மலைக்குக் கிழக்கே உள்ள நாட்டில்தான் பிறந்திருக்க வேண்டும் என்று கருதினார்.

கோபாலபுரம் பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில் இருக்கிறது. இங்கே மலைத்தொடரில் பெரிய இடைவெளி உண்டு. இந்தப் பக்கத்து ஆறுகள் பாரதப்புழையில் சேர்கின்றன. பாரதப்புழை மேற்கே ஓடிப் பொன்னானியில் கடலில் கலக்கிறது. ஆகவே தண்ணீர் ஓடும் பக்கத்தைப் பார்த்து இங்கே திசை சொல்ல முடியாது. சூரியனைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பத்திரத்தில் திசை

நிலப் பத்திரத்தில் நான்கு எல்லைகளையும் எழுதுவார்கள். அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். “வாய்க்காலுக்கு மேற்கு” என்று எழுதியிருந்தால், வாய்க்காலுக்கு மேற்கே நிலம் இருக்கிறது என்று பொருள். அதாவது வாய்க்கால் நிலத்தின் கிழக்கு எல்லை. “மேற்கே வாய்க்கால்” என்று எழுதியிருந்தால், வாய்க்கால் நிலத்தின் மேற்கு எல்லை. சொல் இடம் மாறினால் எல்லையும் மாறிவிடும். பிறகு வழக்கும் வம்பும்தான் மிஞ்சும். மலையாளப் பத்திரத்தில் மேற்கு எல்லை “படிஞ்ஞாறு” என்று இருக்கும்.

காலையில் நிலத்தில் நின்று சூரியனைப் பாருங்கள். முகத்துக்கு நேரே கிழக்கு. முதுகுப் பக்கம் மேற்கு. வலக்கைப் பக்கம் தெற்கு. இடக்கைப் பக்கம் வடக்கு. நான்கு எல்லைகளையும் நடந்து பாருங்கள். பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.